கேப்டன் கருங்கல்லும் வண்டித்தடமும்

"தாய்மாமன் சபையில வந்து உக்காந்து வெத்தலை பாக்கு மாத்தோணுமாமா. இல்லீன்னா பொண்ணு இல்லையாமா" என்றான் திருமூர்த்தி.

லட்சுமிநாராயணன் டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்கினான். "யாரு சொன்னா?"

"மோகனப்பிரியாவோட அப்பா. நேத்து ஆள் உட்டுச் சொல்லிப்போட்டாரு."

"உங்க மாமன் உங்கப்பாகூடப் பேசி மூணு வருசம் ஆச்சேப்பா!"

"அதனாலதான் எனக்குச் சோறு எறங்கல. நீ என்ற உருளைக்கிழங்கையும் தின்னுபோட்டு ஒரு ஓசனை சொல்லு."

இருவரும் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். திருமூர்த்தி, புது மோட்டார்களைத் தொட்டித் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கிற பிரிவு. லட்சுமிநாராயணன் ஸ்டோர்ஸ். இருவருக்கும் முப்பதை நெருங்குகிற வயது. அந்த வயதிலும் டிபன் பாக்ஸுக்கு அடியில் காமிக்ஸ் புத்தகம் வைத்துப் படிக்கிறவர்கள் அந்தக் கம்பெனியில் இவர்கள் இருவர்தான் என்பதால், சிநேகிதம் ஆவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஆனால் கட்சி வேறு. மலையைத் தோளில் தூக்குகிற கேப்டன் கருங்கல்லின் ரசிகன் திருமூர்த்தி. இருட்டில் மட்டும் வந்துபோகிற நிழல்பட்சியின் ஆள் லட்சுமிநாராயணன்.

கருங்கல் ஒரு காமிக்ஸ் கம்பெனியின் நாயகன், நிழல்பட்சி வேறு கம்பெனியின் நாயகன். இருவரையும் ஒரே புத்தகத்தில் சேர்த்து எப்போதாவது ஒரு கூட்டுச் சிறப்பிதழ் வரும். அன்றைக்கு இரண்டு பேரும் லீவு போட்டுவிடுவார்கள்.

அப்படி ஒரு சிறப்பிதழால்தான் மோகனப்பிரியா வந்தாள். அதே கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்ட். ஒருநாள் கேண்டீனில் வேறு இடமில்லாமல் திருமூர்த்திக்கு எதிரே வந்து உட்கார்ந்தவள், அவன் மறைப்பதற்குள் அட்டையைப் பார்த்துவிட்டாள். அட்டையில் கருங்கல்லும் நிழல்பட்சியும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிரிக்கப் போகிறாள் என்று திருமூர்த்தி தயாராக இருந்தான்.

"இதுல யாருங்க ஜெயிப்பாங்க?" என்று கேட்டாள்.

பள்ளிக்கூடம் படித்த நாளிலிருந்து காமிக்ஸ் படிக்கிறான். 'இந்த வயசுல இதென்ன கெரகம்' என்று கேட்டவர்கள் உண்டு. யார் ஜெயிப்பார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"ரெண்டு பேரும் ஜெயிக்க மாட்டாங்க. தோக்கவும் மாட்டாங்க. ஒருத்தர் தோத்தா அவரோட கம்பெனிக்காரன் உடுவானுங்களா? இந்தக் கட்டத்துல இவரு குத்துனா அடுத்த கட்டத்துல அவரு குத்தோணும். பத்துப் பக்கம் சண்டை போட்டதுக்கப்பறம் பொதுவா ஒரு எதிரி வருவான். அப்பத்தான் ரெண்டு பேருக்கும் புத்தி வரும். கை கோத்துக்குவாங்க."

"கடைசில கை கோக்கறவங்க மொதல்ல எதுக்குங்க சண்டை போடறாங்க?"

திருமூர்த்தி இதைப் பற்றி நிறைய யோசித்திருந்தான். சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை. "அவங்கவங்க புஸ்தகத்துல அவங்கவங்கதானுங்க பெரிய ஆளு. இன்னொரு பெரிய ஆளோட ஒரே பக்கத்துல நின்னு பழக்கமில்லீங்க."

அவள் ரசம் ஆறிப்போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்கூட்டுலகூட அப்பாவும் பெரியப்பாவும் அப்படித்தானுங்க" என்றாள். கட்டினால் இவளைத்தான் என்று திருமூர்த்தி முடிவு செய்தது அப்போதுதான். விசாரித்ததில் ஒரே சாதி, குலக் கூட்டமும் வேறே வேறே, கட்டிக்கொள்ளத் தடையில்லை. அவளுக்கும் சம்மதம். எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் தாய்மாமன் குறுக்கே வந்தார், அல்லது வராமல் இருந்தார்.

திருமூர்த்திக்கு அவிநாசிக்குப் பக்கத்தில் ஊர். வாரம் முழுக்கக் கம்பெனி அருகே அறை, சனிக்கிழமை பொழுதோடு வீடு. அப்பா பாலுசாமியின் தோட்டமும், அம்மாவின் அண்ணன் சென்னியப்பனின் தோட்டமும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில், மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு இருவருக்கும் பொதுவாக ஒரு வண்டித்தடம். மூன்று வருடத்துக்கு முன்னால் பாலுசாமி தன் வேலியைப் பிரித்துக் கட்டினார். புது வேலி தடத்துக்குள் வந்துவிட்டது என்றார் சென்னியப்பன். வரவில்லை என்றார் பாலுசாமி. ஒரு வாரத்தில் ஆறிப்போக வேண்டிய விஷயம். ஆறுகிற சமயத்தில் எல்லாம் யாராவது எதையாவது வந்து சொல்ல, அது வளர்ந்துகொண்டே போயிற்று.

மாமன் முதுகில் ஏறி வளர்ந்தவன் திருமூர்த்தி. அவனுக்கு முதல் காமிக்ஸ் புத்தகத்தைக் கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக் கொடுத்ததே மாமன்தான். அப்பாவையும் பிடிக்கும், மாமனையும் பிடிக்கும். ஆனால் இருவரையும் ஒரே இடத்தில் பார்க்க முடியாது. கூட்டுச் சிறப்பிதழ் என்றால் தனக்கு ஏன் இத்தனை பைத்தியம் என்பது அவனுக்கு இந்த மூன்று வருடத்தில்தான் புரிந்தது. நமக்குப் பிடித்த இரண்டு பேர் ஒருவர் அருமை ஒருவருக்குத் தெரியாமல் தனித்தனிப் புத்தகத்தில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை.

"நீயே வழி சொல்லிப்போட்டியே" என்றான் லட்சுமிநாராயணன், உருளைக்கிழங்கை முடித்துவிட்டு. "உங்கப்பா கருங்கல்லு. உங்க மாமன் நிழல்பட்சி. ரெண்டு பேரையும் மூணாவதா ஒரு எடத்துல தற்செயலாச் சந்திக்க வெய்யி. எல்லாச் சிறப்பிதழும் அப்படித்தான ஆரம்பிக்குது?"

"எங்கப்பாவைக் கருங்கல்லுன்னு சொன்னதுக்கு டேங்ஸ்" என்றான் திருமூர்த்தி.

அந்தப் பிரதோஷத்துக்கு அவிநாசி கோயிலுக்குப் போவதென்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தான். பிறகு மாமன் வீட்டுக்குப் போனான். மாமன் தோட்டத்தில் இருந்தார். மாமன் மகள் கலாமணி களத்தில் நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பி.காம். முடித்த பெண், நிதானமான பேச்சு. பெரியவர்களுக்குள் எத்தனை சண்டை இருந்தாலும் இவனைக் கண்டால் 'வாங்க மாமா' என்று முகம் மாறாமல் கூப்பிடுகிறவள்.

"அம்மணி, மாமனை எப்படியாச்சும் கோயிலுக்கு வரச் சொல்லீரு. எங்கப்பா வர்றது மட்டும் தெரிய வேண்டாம்."

"எதுக்குங்க மாமா?"

"ரெண்டு பேரையும் சேத்து வெக்கத்தான்."

"ஓ" என்றாள் கலாமணி. கொஞ்ச நேரம் நிலக்கடலையைக் கிளறினாள். "நான் அப்பாகிட்டப் பதமாச் சொல்றனுங்க."

தங்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டே திருமூர்த்தி வீடு திரும்பினான்.

பிரதோஷக் கூட்டத்தில், நந்திக்குப் பக்கத்தில், சந்திப்பு நடந்தது. ஆனால் மாமன் வரும்போதே முகம் சிவந்துதான் வந்தார்.

"ஏனுங்க மாப்ள, என்ற எருமை உங்க சோளத்தட்டைத் திருடித் தின்னுதான் கொழுத்துதுன்னு ஊருக்குள்ள சொல்றீங்களாமா?"

பாலுசாமிக்கு அந்த எருமையைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் கிடையாது. 'இல்லீங்க மச்சான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இத்தனை பேர் நடுவில், இப்படி ஒரு தோரணையில் கேட்டால், இல்லை என்று சொல்வது பயந்த மாதிரி ஆகிவிடும்.

"சொன்னேன்னே வெச்சுக்குங்களே" என்றார்.

"அப்ப உங்க வேலி தடத்துக்குள்ள நிக்குதே, அதுக்கு என்னங்க பேரு?"

"அதுக்குப் பேரு வேலிங்க."

"உங்க மூஞ்சில முழிச்சதுக்கு நான் ஊட்டுக்குப் போயி இன்னொருக்காத் தண்ணி வாத்துக்கோணுமுங்க."

"தாராளமா வாத்துக்குங்க. சோப்பு வேணுமுங்களா?"

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், இரண்டு பெரிய மனிதர்கள் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்து, நடுவில் புகுந்து இருவருக்கும் விபூதி கொடுத்தார்.

மறுநாள் காலையில் சென்னியப்பன் தடத்தின் குறுக்கே முள்ளை வெட்டிப் போட்டார். மத்தியானம் பாலுசாமி தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் முள்ளைக் கொண்டுவந்து போட்டார். இவர் ஒரு கட்டம், அவர் ஒரு கட்டம். யாரும் தோற்கவில்லை. யாருடைய வண்டியும் போகவும் முடியவில்லை.

"பத்துப் பக்கச் சண்டை முடிஞ்சுது" என்று லட்சுமிநாராயணன் தேற்றினான். "இனிப் பொது எதிரி வரோணும்."

"எதிரிக்கு நான் எங்க போறது?"

இருவரும் இரண்டு மத்தியானம் யோசித்தார்கள். உலகத்தை அழிக்க வருகிறவன், சூரியனைத் திருடுகிறவன் எல்லாம் அவிநாசிப் பக்கத்துக்கு ஒத்துவர மாட்டார்கள். கடைசியில் சாயப்பட்டறை என்று முடிவாயிற்று. திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் போட்டுக் கழிவுத் தண்ணீரைத் திறந்துவிட்டால் கிணறு எல்லாம் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் என்றால் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து நிற்பார்கள்.

சனிக்கிழமை அப்பாவிடம் சொன்னான். "திருப்பூர்க்காரர் ஒருத்தரு நம்ம பக்கம் பூமி வாங்கிச் சாயப்பட்டறை போடப் போறாராமுங்க. கெணத்துத் தண்ணியெல்லாம் செவப்பாப் போயிருமுங்கப்பா."

பாலுசாமி வெற்றிலையை மென்றபடி யோசித்தார். "செவப்புத் தண்ணி மொதல்ல மச்சானூட்டுக் கெணத்துக்குத்தான் போகும். அதுதான் பள்ளம்" என்றார் திருப்தியாக. பிறகு, "பூமி என்ன வெலைக்குக் கேக்கறாரு?" என்றார்.

மாமனுக்குக் கலாமணி மூலமாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தான். பதிலும் அவளே கொண்டுவந்தாள்.

"உங்கப்பா விக்கறதுக்கு முந்தி நாம வித்துப்போடோணும், அந்தத் திருப்பூர்க்காரரை மொதல்ல நம்மூட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்கறாருங்க அப்பா."

"நான் விக்கச் சொல்லலியே அம்மணி! எங்கப்பாகூடச் சேந்து அவனை எதுக்கச் சொல்லித்தான உன்ட்டச் சொல்லி உட்டேன்?"

"நானும் அப்படித்தானுங்க சொன்னேன்" என்றாள் கலாமணி, உடைக்காத நிலக்கடலை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

திருமூர்த்தி அறைக்குத் திரும்பி, தன்னிடமிருந்த சிறப்பிதழ்களை எல்லாம் புரட்டிப் பார்த்தான். வில்லன் காலில் யார் முதலில் விழுவது என்று இரண்டு நாயகர்களும் போட்டி போடுகிற கதை ஒன்றுகூட இல்லை. மோகனப்பிரியா ஆபீஸ் வராந்தாவில் நிறுத்திக் கேட்டாள்: "மாமன் வருவாருங்களா? அப்பா அடுத்த எடம் பாக்கறேங்கறாருங்க." அவள் குரல் அடங்கியிருந்தது. அன்று அவன் ஓட்டிப் பார்த்த மோட்டார் எதுவுமே சரியாக ஓடுகிற மாதிரி அவனுக்குத் தோன்றவில்லை.

"எதிரி நேர்ல வந்தாத்தான் வெறுப்பாங்க" என்றான் லட்சுமிநாராயணனிடம். "நீதான் வரோணும். உன்னை அங்க யாருக்கும் தெரியாது."

"நானா? எனக்கு அதெல்லாம் வருமாப்பா?" என்றான் லட்சுமிநாராயணன். ஆனால் கண்ணாடி முன்னால் வில்லன் சிரிப்பு சிரித்துப் பழகாத காமிக்ஸ் ரசிகன் உலகத்தில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணக் கோட்டு, கூலிங் கிளாஸ், மச்சினனின் அம்பாசிடர் கார் சகிதம், திருப்பூர் சாயப்பட்டறைக்காரனாகத் தடத்தருகே வந்து இறங்கினான்.

தடத்துக்கு இந்தப் பக்கம் பாலுசாமி, அந்தப் பக்கம் சென்னியப்பன், நடுவில் முள். சென்னியப்பனுக்குப் பின்னால் கலாமணி நின்றாள்.

லட்சுமிநாராயணன் வானத்தைப் பார்த்துச் சிரித்தான். எருமை மிரண்டது. "ஹஹ்ஹஹ்ஹா! இந்தப் பக்கம் பச்சைச் சாயம், அந்தப் பக்கம் செவப்புச் சாயம்! குடிக்கத் தண்ணியில்லாமத் தவிக்கப் போறீங்க!"

"அது கெடக்குதுங்க. வெய்யில்ல வந்திருக்கீங்க, காப்பி குடிக்கறீங்களா?" என்றார் பாலுசாமி.

"காப்பி சூடுங்க. எளநி வெட்டித் தாரனுங்க" என்றார் சென்னியப்பன்.

இந்தக் கையில் காப்பி, அந்தக் கையில் இளநீர் என்று வில்லன் நின்றான். வீடு தேடி வந்தவரை வெறுக்கிற பழக்கம் அந்த இரண்டு குடும்பத்திலும் இல்லை. திருமூர்த்தி பின்னாலிருந்து கையை ஆட்டினான், பல்லைக் கடித்தான், முறைத்தான்.

லட்சுமிநாராயணன் வேறு வழியில்லாமல் சென்னியப்பனின் தோட்டத்துப் பக்கம் திரும்பினான். "என்னங்க இது, வறட்டுப் பூமி? இதை வெச்சுட்டா இத்தனை நாளும் சோறு தின்னீங்க? இதெல்லாம் ஒரு கெணறா, பல்லாங்குழியாட்ட?"

சென்னியப்பனின் முகம் விழுந்துவிட்டது. கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டேய்" என்று ஒரு சத்தம் கேட்டது.

பாலுசாமி. வெளி ஆள் ஒருவரை அப்பா அப்படிக் கூப்பிட்டுத் திருமூர்த்தி கேட்டதே இல்லை.

"என்னடா சொன்னே? பல்லாங்குழியா? அந்தக் கெணத்துல எம் மச்சான் பாறை வெட்டுனாரு, நான் மண்ணு செமந்தேன். எங்க ரெண்டு பேரு ரத்தமும் அதுல கெடக்குது. அந்தப் பூமி வறட்டுப் பூமியா? இன்னொருக்காச் சொல்லு பாக்கலாம்!"

இதே பூமியை மூன்று வருடமாக இதைவிட மோசமாகத் திட்டியவர் அவர்தான். ஆனால் அது அவர் திட்டுவது.

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய மீசை ஒரு தடவை துடித்தது. "மாப்ள, அந்த முள்ளைப் புடிங்க. இவனை உடக் கூடாது."

இருவரும் இரண்டு பக்கமும் பிடித்து முள்ளை இழுத்துத் தள்ளினார்கள். தடம் திறந்தது. லட்சுமிநாராயணன் இளநீரோடு ஓடினான். காப்பி டம்ளர் வழியில் விழுந்தது. அம்பாசிடர் இரண்டாவது முறையில் கிளம்பிவிட்டதால் பிழைத்தான். பாலுசாமியின் செருப்பு ஒன்று கார் மேல் ஏறி அவிநாசி வரைக்கும் போனது.

புழுதி அடங்கியபோது இரண்டு பேரும் தடத்தின் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். முள் குத்திய கையைப் பாலுசாமி உதறினார். சென்னியப்பன் அந்தக் கையைப் பிடித்து, குனிந்து, முள்ளை எடுத்துவிட்டார். திருமூர்த்தி அழுதான். வெட்கமே படாமல் அழுதான். சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மா வள்ளியாத்தாள், "ஏனுங்ணா, உங்களுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டுவிட்டு அவளும் அழுதாள்.

பொழுதோடு எல்லாரும் பாலுசாமி வீட்டில் கூடினார்கள். வள்ளியாத்தாள் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். மாமனும் அப்பாவும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து, பேசாத மூன்று வருடத்துக்கும் சேர்த்துப் பேசினார்கள். புத்தகத்தில் என்றால் இந்த இடத்தில் நாயகர்கள் கைகுலுக்கி, அவரவர் ஊருக்குப் பிரிந்து போவார்கள். இவர்கள் பிரிகிற மாதிரி தெரியவில்லை. இரண்டாவது ஈடு கச்சாயம் வந்தது.

நல்ல நேரம் என்று திருமூர்த்தி தொண்டையைச் செருமினான். "மாமா, பெரியநாயக்கன்பாளையத்துக்கு எப்பப் போலாமுங்க?"

"அங்க எதுக்கு கண்ணு?"

"பொண்ணூட்டுக்குங்க. நீங்க வந்து வெத்தலை பாக்கு..."

மாமன் அப்பாவைப் பார்த்தார். அப்பா சிரித்தார்.

"மச்சான் பேச்சுவார்த்தைல இல்லாததுனாலதானடா அசல்ல பொண்ணெடுக்கச் சரின்னோம்" என்றார் பாலுசாமி. "இப்ப மொறைப் பொண்ணு ஊட்டுலயே இருக்கறப்ப அங்க எதுக்கு? உனக்குக் கலாமணின்னு நாங்க அப்பவே பேசி முடிச்சு வெச்சதுதான். உன்ட்டச் சொல்றதுக்குள்ள இந்த வேலிச் சண்டை வந்துபோச்சு."

"தையில வெச்சுக்கலாமுங்க மாப்ள" என்றார் சென்னியப்பன்.

"தையிலேயே வெச்சுக்கலாமுங்க. பெரியநாயக்கன்பாளையத்துக்காரங்களுக்கு வேண்டாம்னு நாளைக்கே சொல்லி அனுப்பிப்போடறேன்."

"நல்லாருங்க" என்று வள்ளியாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திருமூர்த்தி வாயைத் திறந்தான். கையில் கச்சாயத்தோடு இரண்டு பேரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். இருவரும் ஒரே பக்கத்தில் நின்றால் எத்தனை பலம் என்று அவன்தான் கேண்டீனில் அத்தனை முறை விளக்கியிருக்கிறான். இனி இவர்களை எந்தச் சாயப்பட்டறைக்காரனாலும் பிரிக்க முடியாது. ஆறிப்போன ரசத்துக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்து கேட்டதை நினைத்தான். எழுந்து கொல்லைப்புறம் போனான்.

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கலாமணி காப்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவினாள் என்பதைவிட, அடித்தாள் என்று சொல்லலாம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மணி, சத்தியமா எனக்கு இது தெரியாது" என்றான் திருமூர்த்தி. "ஒரு சண்டைய நிறுத்தலாம்னுதான் பாத்தேன். நம்ம ரெண்டு பேரையும் பேசி வெச்சிருந்தது உனக்காச்சும் முன்னாலயே தெரியுமா?"

கலாமணி கையிலிருந்த டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"தெரிஞ்சதுனாலதானுங்க மாமா, மூணு வருசமா அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு சொல்லிச் சொல்லி அந்தச் சண்டை ஆறிப்போகாமப் பாத்துக்கிட்டேன், ஒரே பொழுதுல கெடுத்துப்போட்டீங்களே!"